ஒரு பலகையும் ஆறு டின்களும்: பட்டறைக்கு ஓர் உருளும் அலமாரி

இரு சக்கர வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை இல்லாத ஊர் இன்று தமிழகத்தில் அரிது. தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்று வெளிவரும் நம் இளைஞருள் பலர், சிறிது பணம் சேர்த்துத் தாமாகத் தொடங்கும் தொழிலும் இதுவே. 10 அடிக்கு 12 அடியில் ஒரு வாடகைக் கடை, ஒரு பெட்டி ஸ்பானர்கள், காற்றடிக்கும் இயந்திரம் ஒன்று. முதலீடு பெரும்பாலும் இவ்வளவே. இவற்றோடு இன்னொரு பொருளும் ஏறக்குறைய எல்லாப் பட்டறைகளிலும் காணப்படும். அது ஒரு பழைய வாளி. நட்டு, போல்ட்டு, வாஷர், சர்க்கிளிப், செயின் லாக், காட்டர் பின் ஆகிய யாவும் பெரிதும் சிறிதுமாய், புதிதும் பழையதுமாய் அதனுள் கலந்து கிடக்கும். ஒன்று வேண்டுமெனில் வாளியைச் சாக்கின் மேல் கவிழ்த்து, குந்தி அமர்ந்து கிளற வேண்டும். "இங்கேதான் சாமி கிடந்தது, நேற்றுக்கூடப் பார்த்தேன்" என்ற சொல்லை நாம் கேட்காத பட்டறை இல்லை.

இந்த வாளியால் விளையும் இழப்பு எத்துணை என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நாளொன்றுக்குப் பத்து முறை தேடல். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் எனக் கொள்வோம். நாளைக்கு அரை மணி. மாதத்தில் 25 வேலை நாள்கள் என்றால் 12½ மணி நேரம். ஒன்றரை நாள் உழைப்பு ஒவ்வொரு மாதமும் வாளிக்குள் போய்விடுகிறது. இரவு வீடு திரும்பும் நேரம் தள்ளிப் போவதும், காத்திருக்கும் மனைவி மக்கள் உண்ணாமல் உறங்கிவிடுவதும் இக்கணக்கில் சேராதவை.

ஆயினும் நம்மைப் பெரிதும் கலங்கச் செய்வது நேர இழப்பன்று. வேண்டிய சிறு பொருள் கைக்குக் கிட்டாதபோது வேலைக்காரர் என்ன செய்கிறார்? வாடிக்கையாளரோ வெளியில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே கிடைத்ததை மாட்டிவிடுகிறார். ஆபத்து இங்குதான் தொடங்குகிறது.

சான்றாக, பல வண்டிகளில் பின்சக்கர டிரம் பிரேக்கைத் தாங்கிப் பிடிக்கும் தண்டின் நட்டு கழன்று விழாதபடி ஒரு காட்டர் பின் காக்கிறது. மிக மலிவான பொருள். ஒருமுறை வளைத்து நிமிர்த்தினால் அதன் வலிமை போய்விடும். கழற்றும்போதெல்லாம் புதிது போடுவதே முறை. அது அகப்படாத அவசரத்தில் ஒரு துண்டுக் கட்டுக்கம்பியை நுழைத்து முறுக்கிவிடுவோர் உண்டு. அக்கம்பி அதிர்வில் அறுந்து, நட்டும் கழன்றுவிட்டால், பிரேக் அழுத்தும் நேரத்தில் சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளக்கூடும். வண்டியில் தந்தையும் தாயும் நடுவில் குழந்தையும் இருக்கலாம் அன்றோ?

மற்றொன்று. 10 மில்லி போல்ட்டுகளில் மரை இடைவெளி 1.25 மில்லி உள்ளதும் உண்டு, 1.5 மில்லி உள்ளதும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே போல் தோன்றும். வாளியிலிருந்து மாறி எடுத்த போல்ட்டு இரண்டு சுற்று இலகுவாக ஏறும், பின்னர் இறுகும். இறுகுகிறதே என்று ஸ்பானரை அழுத்தினால், இஞ்சினின் அலுமினிய மரை வழித்துப் போய்விடும். ஒரு போல்ட்டின் விலை எங்கே, புது மரை வெட்டும் செலவு எங்கே! அச்செலவைப் பட்டறைக்காரரே ஏற்க நேரும். ஏற்காவிடில் வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார்.

ஆகவே சிறு பொருள்களைப் பிரித்து வைக்க ஓர் அலமாரி தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கடையில் விற்கும் இரும்பு அலமாரியின் விலை தொடக்க நிலையினருக்கு எட்டாது. மேலும், சுவரோடு நிற்கும் அலமாரி இத்தகைய கடைக்கு ஒவ்வாது. பகலில் வண்டிகள் வாசலில் நிற்கும். இரவில் அவை அனைத்தையும் உள்ளே தள்ளிப் பூட்ட வேண்டும். அதே 120 சதுர அடி பகலில் பட்டறை, இரவில் வண்டிக் கொட்டில். எனவே அலமாரி சக்கரத்தில் உருளுவதாக இருத்தல் வேண்டும். பகலில் வேலை நடக்கும் வண்டியின் அருகே வரவும், இரவில் மூலைக்குப் போகவும் அது கற்றுக்கொள்ள வேண்டும்!

இதனைக் குறைந்த செலவில் செய்துகொள்ளும் வழி ஒன்றைக் கூறுவோம். வேண்டியவை 8 அடிக்கு 4 அடி அளவுள்ள 18 மில்லி பிளைவுட் ஒன்று, 15 கிலோ சமையல் எண்ணெய் வந்த பழைய சதுர டின்கள் ஆறு, காஸ்டர் சக்கரங்கள் நான்கு, முதுகுக்கு ஒரு மெல்லிய பிளைவுட் துண்டு, சிறிது ரீப்பர், திருகாணி, பசை. டின்களை உணவு விடுதிகளிலும் பலகாரக் கடைகளிலும் மிகக் குறைந்த விலைக்குப் பெறலாம். கட்டிடத்தினுள் இருக்கும் அலமாரிக்கு எம்.ஆர். தரப் பிளைவுட் போதும். நீர் தாங்கும் விலையுயர்ந்த ரகம் தேவையில்லை.

பெட்டியைச் செய்துவிட்டு அதற்கேற்ற டப்பாக்களைத் தேடி அலைவோரைக் கண்டிருக்கிறோம். முறை அதற்கு நேர்மாறானது. முதலில் டின், அதன் அளவே அலமாரியின் அளவு. இந்தச் சதுர டின் ஏறக்குறைய 24 செ.மீ. அகலமும் 35 செ.மீ. உயரமும் உடையது. தகர வேலை செய்பவரிடம் கொடுத்து நெடுக்காக இரண்டாகப் பிளந்தால், 35 செ.மீ. நீளமும் 24 செ.மீ. அகலமும் சுமார் 11 செ.மீ. ஆழமும் உள்ள இரு தட்டுகள் கிடைக்கும். ஆறு டின்களுக்குப் பன்னிரண்டு தட்டுகள். வெட்டிய விளிம்பு கத்திபோல் கூரியது; அதனை உட்புறமாக மடித்துத் தட்டிவிடுதல் கட்டாயம். எண்ணெய் ஊற்றும் வாய் இருந்த பக்கத்தைப் பின்னே வைத்து, முன்பக்கத்தில் ஒரு தோல் வாரையோ தகரப் பட்டையையோ ரிவிட் அடித்தால் கைப்பிடி ஆயிற்று. இழுப்பறை ஒவ்வொன்றுக்கும் ஓடு தண்டவாளம் வாங்கினால் பன்னிரண்டு ஜோடி வாங்க வேண்டும். அச்செலவு பலகையின் விலையையே தாண்டிவிடக்கூடும். தகரத் தட்டு, மெழுகு தேய்த்த பலகையின் மேல் தானே வழுக்கிச் செல்லும்.

இனிப் பலகை. பிளைவுட்டை நீளவாக்கில் 40 செ.மீ. அகலமுள்ள மூன்று பட்டைகளாக அறுக்க வேண்டும். பலகை விற்கும் கடையிலேயே இயந்திரத்தில் அறுத்துத் தரச் சொல்வது நன்று. கையறுவையில் இவ்வளவு நேர் வாராது. முதற்பட்டையில் 82.2 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டுகள் (அடிப்பலகை, மேற்பலகை), 61.4 செ.மீ. நீளத்தில் ஒன்று. இரண்டாம் பட்டையில் 61.4 செ.மீ. நீளத்தில் மூன்று. ஆக நிலைப்பலகைகள் நான்கு. மூன்றாம் பட்டையில் 25 செ.மீ. நீளத்தில் ஒன்பது தட்டுப்பலகைகள். இரண்டாம் பட்டையில் எஞ்சும் துண்டிலிருந்து 12 செ.மீ. அகலத்தில் இரு துண்டுகளை எடுத்து வைத்துக்கொள்க. அவை சக்கரத்திற்கு வேண்டும்.

நான்கு நிலைகளையும் அடிப்பலகை, மேற்பலகை இரண்டிற்கும் நடுவே, 25 செ.மீ. இடைவெளி விட்டு நிறுத்த, மூன்று பத்திகள் அமையும். நிறுத்துவதற்கு முன்னரே நிலைகளைப் பக்கத்தில் பக்கமாகத் தரையில் கிடத்தி, தட்டுகள் வரும் இடங்களை ஒரே கோடாகக் குறித்துக்கொள்ள வேண்டும். தனித்தனியே அளந்தால் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் நிற்கும். ஒவ்வோர் அறையின் உயரமும் 14 செ.மீ. தட்டுப்பலகைக்கு அடியில் தாங்கலாக 1 செ.மீ. தடிப்புள்ள ரீப்பரைப் பசையிட்டுத் திருக வேண்டும்; தடிப்பு மிகுந்தால் கீழறையின் தட்டு முட்டும். பிளைவுட்டின் விளிம்பில் திருகாணி ஏற்றுமுன் மெல்லிய துளையிடாவிடில் அடுக்கு பிளந்துகொள்ளும்.

முதுகுப் பலகையை அழகுக்கு என எண்ணி விட்டுவிடுவோர் உளர். அது இல்லாத அலமாரி, உருட்டும்போது சாய்சதுரமாய் நெளிந்து சில மாதங்களில் மூட்டு விடும். அதனை அறையுமுன், ஒரு நூலால் மூலைக்கு மூலை அளந்து பார்க்க. இரு குறுக்களவும் ஒன்றாயின் பெட்டி நேர். இல்லையேல் நீண்ட மூலையைத் தட்டி நேராக்கிய பின்னரே ஆணி.

சக்கரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்குதான் பலரும் சிக்கனம் பார்த்துக் கெடுகின்றனர். இரும்பின் எடையை நாம் குறைவாகவே மதிக்கிறோம். ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் போல்ட்டுகளை நிரப்பினால் அது 3 முதல் 4 கிலோ வரை நிறுக்கும். நம் தகரத் தட்டோ 9 லிட்டர் கொள்ளும். அதனை போல்ட்டால் நிரப்பினால் 30 கிலோவை எட்டும். இழுக்கவும் முடியாது, இழுத்தால் காலில் விழும். ஆகவே தட்டை நிரப்பலாகாது. அதனுள் ஆறு சிறு டப்பாக்களை வைத்து, அவற்றில் பொருள்களைப் பிரித்திட வேண்டும். இனிப்புக் கடைப் பிளாஸ்டிக் டப்பாக்கள் இதற்குப் போதும். அப்போது தட்டு ஒன்று 10 கிலோ அளவில் நிற்கும். பன்னிரண்டு தட்டு, பலகையின் எடை, மேலே வைக்கும் கருவிகள் எல்லாம் சேர்த்து 150 கிலோ என்று கொள்வோம்.

இதனை நான்கு சக்கரங்களுக்குப் பகிர்ந்து ஒன்றுக்கு 37½ கிலோ எனக் கணக்கிடுவது பிழை. பட்டறைத் தரை மேடும் பள்ளமுமானது. எந்நேரமும் ஒரு சக்கரம் தரையைத் தொடாது தொங்கக்கூடும். சுமை முழுவதும் மற்ற மூன்றின் மேல் இறங்கும். எனவே மூன்றால் வகுக்க வேண்டும். சக்கரம் ஒன்று 50 கிலோவிற்குக் குறையாமல் தாங்குவதாக இருக்கட்டும். விட்டம் 100 மில்லி வேண்டும். 50 மில்லிச் சக்கரம் மலிவுதான்; ஆனால் தரையில் கிடக்கும் ஒரு நட்டு அதன் வழியை மறித்துவிடும். நான்கில் இரண்டு நேர்ச் சக்கரங்கள் ஒரு கோடியிலும், பிரேக் உள்ள இரண்டு சுழல் சக்கரங்கள் மறுகோடியிலும் இருத்தல் நலம். தள்ளும் கைப்பிடியைச் சுழல் சக்கரப் பக்கத்தில் பொருத்துக. முன்பே எடுத்து வைத்த இரு துண்டுகளை அடிப்பலகையின் இரு கோடிகளிலும் கீழே ஒட்டித் திருகி, சக்கரங்களை அவ்விரட்டைப் பலகையின் ஊடே போல்ட்டு, வாஷர், நட்டு இட்டு முடுக்க வேண்டும். மரத்திருகாணி இவ்வதிர்ச்சிக்கு நில்லாது.

இவ்வாறு முடிந்த அலமாரி தரையிலிருந்து ஏறக்குறைய 80 செ.மீ. உயரம் இருக்கும், மேற்பலகையை வேலை மேசையாகவும் கொள்ளலாம். அகலவாக்கில் தள்ளினால் கவிழக்கூடும் ஆதலின், எப்போதும் நீளவாக்கிலேயே உருட்ட வேண்டும். உருட்டும்போது தட்டுகள் வெளியே ஓடிவராதபடி, ஒவ்வொரு பத்தியின் முன்னும் மேலிருந்து கீழாக ஒரு கம்பியை வளையங்களில் கோத்துவிடலாம். அதிலேயே ஒரு பூட்டும் போட்டால் இரவுக்குக் காவல்.

எதை எங்கே வைப்பது? கனமானவை அடியில் என்பது சொல்லாமலே விளங்கும். மற்றவற்றிற்கு நம் முன்னோர் இரு பாடங்களை விட்டுச் சென்றுள்ளனர். ஒன்று, அடுக்களையில் உள்ள அஞ்சறைப் பெட்டி. கடுகும் சீரகமும் பக்கத்தில் பக்கம் இருப்பது, அவை ஒரே வேளையில் வேண்டப்படுவதால். அதுபோல, செயின் மாற்றும் வேலைக்கு வேண்டியன எல்லாம் ஒரு தட்டில், பிரேக் வேலைக்கு வேண்டியன எல்லாம் ஒரு தட்டில். மற்றொன்று, அச்சகங்களில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்த நாள்களில் இருந்த எழுத்துக் கட்டப் பலகை. அடிக்கடி வரும் எழுத்துகள் கைக்கு அருகிலும், அரிதாக வருபவை தொலைவிலும் இருக்கும். அச்சுக் கோப்பவர் மூலத்தைப் பார்த்தவாறே, கட்டத்தைப் பாராமல் எழுத்தை எடுப்பார்! 6 மில்லி போல்ட்டும், அதற்கு 10-ஆம் எண் ஸ்பானரும் வேண்டாத நாள் பட்டறையில் இல்லை. ஆகவே அவற்றிற்குரிய இடம் மேல் வரிசையின் நடு அறை. 10 மில்லியில் 1.25, 1.5 மரை இரண்டையும் ஒரே தட்டில் வைத்தலாகாது. வெவ்வேறு பத்தியில் வைக்க.

பழைய வாளியை அலமாரிக்கு மாற்றும் பணி ஓர் ஞாயிறு மாலைக்குள் முடியாது. தினமும் அரை மணி என்று சில வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம். வீட்டார் கை கொடுப்பின் விரைவில் முடியும்; அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய கண்களுக்கு வாஷர் பிரிப்பது பெரிதன்று. வளைந்த காட்டர் பின், மரை தேய்ந்த நட்டு, நீட்சி கண்ட செயின் லாக் ஆகியவற்றை "இருக்கட்டும்" என்று திரும்ப வைக்காமல் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட வேண்டும். அவை அலமாரிக்குள் புகுந்துவிட்டால் வாளி மறுபிறப்பு எடுத்ததாகவே பொருள்.

பெயர்ச் சீட்டு எழுதி ஒட்டுவது வழக்கம். எண்ணெய்க் கை படப்பட எழுத்து மறைந்துவிடும். அதைவிட, உள்ளே இருக்கும் பொருளில் ஒன்றையே எடுத்து, தட்டின் முகப்பில் துளையிட்டுக் கம்பியால் கட்டிவிடுவது மேல். புதிதாகச் சேர்ந்த உதவியாளரும் கையிலுள்ள போல்ட்டை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்து எடுக்கலாம், திரும்பவும் வைக்கலாம். டப்பாவில் கடைசி நான்கு காட்டர் பின்கள் எஞ்சும்போதே, அந்த வெற்று டப்பாவை மேற்பலகையின் மீது எடுத்து வைத்துவிட வேண்டும். மறுநாள் உதிரிப்பொருள் கடைக்குச் செல்பவர், மேலே நிற்கும் டப்பாக்களைப் பார்த்து வாங்கி வருவார்.