புதுப்பித்த கார்புரேட்டரும் பழைய லாரி இஞ்சினும்

பழைய பெட்ரோல் லாரியின் கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டிய பின்னும் இஞ்சின் திணறுமாயின், உடனே ஜெட்டுகளைத் திருகத் தலைப்படுவது வீண் வேலை. முதலில் பிளக்குகளையும் பாயிண்டையும் சோதித்தல் வேண்டும். கார்புரேட்டரின்மேல் சுமத்தப்படும் குற்றங்களிற் பல மின்பொறியைச் சேர்ந்தவையே.

பிளக்கு முனையில் உலர்ந்த கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருப்பின் குறைவு. சோக்கைச் சிறிது இழுத்தவுடன் ஓட்டம் சீர்ப்படுமானாலும் குறைவென்றே கொள்க. அப்போது மேனிபோல்டுப் பாக்கிங்கில் காற்றுக் கசிவையும், ஜெட்டின் அடைப்பையும் பார்க்க வேண்டும். ஜெட்டைக் கம்பியாற் குத்தலாகாது; துவாரம் பெருகிவிடும். காற்றடித்தே அடைப்பை நீக்குக.

பெட்ரோல் வழிவதே அபாயமானது. புகைக்குழாயின் சூட்டில் தீப்பற்றினால் வைக்கோற்பாரமும் லாரியும் ஒருங்கே எரிந்துபோம். பித்தளை மிதவையைக் குலுக்கும்போது சலசலத்தால் அது ஓட்டையானது. தக்கை மிதவையோ வேறு விதம். அதன் பழைய அரக்குப் பூச்சு, எத்தனால் கலந்த இக்காலப் பெட்ரோலிற் கரையும், தக்கை பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துத் தாழும், ஊசிவால்வு மூடாது. இதற்குப் புதுப்பித்த மெக்கானிக்கைக் குறைகூறுவது நியாயமன்று. எத்தனாலைத் தாங்கும் மிதவையை மாற்றுவதே பரிகாரம்.

கார்புரேட்டர் மேற்புறம் அமைந்த இஞ்சின்களில், வழியும் பெட்ரோல் உள்ளேயும் இறங்கும். இஞ்சின் எண்ணெயிற் பெட்ரோல் வாடை வீசினால், அதை வடித்துப் புதியது ஊற்றும்வரை லாரியை ஓட்டலாகாது, பேரிங்குகள் தேய்ந்துவிடும்.