காதல் கடிதம் கணினியைக் கெடுத்தது எப்படி?

2000 மே 4. பிலிப்பைன்ஸில் கிளம்பிய ‘ஐ லவ் யூ’ மின்னஞ்சல் ஒரே நாளில் உலகைச் சுற்றியது. எப்படி?

இணைப்புக் கோப்பின் பெயர் ‘.டிஎக்ஸ்டி.விபிஎஸ்’ என்று முடிந்தது. கடைசிப் பின்னொட்டான ‘.விபிஎஸ்’ஸை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும். ஆகவே அது வெறும் எழுத்துக்கோப்பு போலத் தெரிந்தது. உண்மையில் அது ஒரு நிரல். திறந்ததும் படக்கோப்புகளை அழித்து, அவற்றின் இடத்தில் தன்னை எழுதிக்கொண்டது. அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னையே அனுப்பியது. தெரிந்தவர் பெயரில் வந்ததால்தான் ஆட்கள் திறந்தார்கள். (மேலாளர் காதல் கடிதம் அனுப்பினால் சந்தேகம் வர வேண்டாமா?)

ஆகவே, அனுப்பியவரின் பெயரை மட்டும் வைத்து நம்பாதீர்கள். எதிர்பாராத இணைப்பா? போன் போட்டுக் கேளுங்கள். கோப்புப் பின்னொட்டுகள் தெரியும்படி கணினி அமைப்பையும் மாற்றுங்கள்.

அந்த நிரலை எழுதியவருக்குத் தண்டனை? இல்லை. அப்போது பிலிப்பைன்ஸில் இத்தகைய குற்றத்துக்குச் சட்டமே கிடையாது.