முடிவை அறியாத கருவி

யூனிக்ஸ் இயக்கமுறையில் உரையைத் தேடவும் திருத்தவும் உதவும் சிறு கருவிகளுள், 1970-களில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த கிரெப், செட் முதலியவை பிரசித்தமானவை. சி மொழியில் எழுதிய இத்தகைய கருவியொன்று, இன்டெல் யந்திரத்தில் பல வருஷங்கள் குற்றமின்றி ஓடியபின், லினக்ஸ் இயங்கும் ராஸ்பெர்ரி பை போன்ற ஏஆர்எம் கணினிக்கு வந்ததும், கோப்பு முடிந்தும் நிற்காமல் சுழலுமானால், அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது ஒரே இடத்தைத்தான்: படித்த பைட்டை வாங்கி வைக்கும் மாறியை.

கெட்சார் என்ற செயற்கூறு, கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணாக அளித்து, கோப்பு தீர்ந்ததும் வழக்கமாக -1 என்று முடிவை அறிவிக்கிறது. ஆக, விடைகள் 257. அவற்றை 256 மதிப்புகளுக்கே இடமுள்ள ‘சார்’ வகை மாறியில் வாங்கி வைப்பதுதான் சகல அனர்த்தத்துக்கும் மூலம். அவ்வகையில் குறை எண்ணுக்கு இடம் உண்டா என்பதை 1989-ஆம் ஆண்டின் சி தரநிர்ணயம் தொகுப்பியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. லினக்ஸில், இன்டெல்லில் உண்டு, ஏஆர்எம்மில் இல்லை. இல்லாத இடத்தில் -1 என்பது 255 ஆகிவிட, முடிவு ஒருநாளும் வருவதில்லை. உள்ள இடத்திலோ விபரீதம் இன்னும் சூக்ஷ்மமானது: கோப்பின் நடுவே 255 என்ற பைட் வந்தால், கருவி அதையே முடிவென்று கொண்டு, மிச்சத்தை மௌனமாக விட்டுவிடுகிறது. நில்லாத கருவியைவிட, பாதியில் நின்று முழுமையென்று நம்பவைப்பதே அபாயகரமானது என்பது என் துணிபு.

மாறியின் வகையை ‘இன்ட்’ என்று மாற்றுவதே பரிகாரம். ‘சார்’ வகை குறை எண்ணை ஏற்கும்படி தொகுப்பிக்குக் கட்டளையிட்டுச் சமாளிப்போரும் உண்டு. அது ஏஆர்எம்மின் பிழையை இன்டெல்லின் பிழையாக மாற்றுமேயன்றி நீக்காது.