சுண்டலை அரைத்தால் ஹம்மஸ்: மாலை வகுப்புக்கு ஒரு சிற்றுண்டி

மாலைநேரச் சிறப்பு வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் அனைவருக்கும், ஐந்து மணிக்கு மேல் வகுப்பறை எப்படி மாறும் என்பது தெரியும். கண் கரும்பலகையில் இருக்கும். கவனம் வயிற்றில் இருக்கும். மதியம் சத்துணவு சாப்பிட்ட பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அடுத்த உணவு இரவில்தான். நான் பணிபுரியும் பள்ளி விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் உள்ளது. சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வரும் பெண்பிள்ளைகள் வீடு போய்ச் சேர ஏழு மணி ஆகிவிடும். இந்த நீண்ட இடைவெளியில் பலர் சாப்பிடுவது கடையில் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலம் மட்டுமே.

இதைச் சிறிய விஷயம் என்று விட்டுவிட முடியாது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. வாரந்தோறும் நாம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையோடு, அவர்கள் உண்ணும் உணவும் சேர்ந்தால்தான் பயன் கிடைக்கும்.

பல பள்ளிகளைப் போல எங்கள் பள்ளியிலும் ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து மாலையில் சுண்டல் கொடுக்கிறோம். நல்ல உணவுதான். ஆனால் நாள்தோறும் ஒரே சுண்டல் என்றால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடுகிறது. துபாயில் உணவகத்தில் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, "சார், இதையே அங்க அரைச்சு, எள்ளு சேர்த்து ரொட்டியோட சாப்பிடுவாங்க. பேரு ஹம்மஸ்" என்றார். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் சுண்டல் துவையலாகிவிடுகிறது.

பெயரிலேயே பொருள்

அரபு மொழியில் 'ஹும்முஸ்' என்றால் கொண்டைக்கடலை. அதில் சேர்க்கும் எள் விழுதுக்குத் 'தஹினி' என்று பெயர். அரைத்தல் என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. லெபனான், சிரியா, பாலஸ்தீனம், எகிப்து ஆகிய நாடுகளில் காலை உணவாகவும், மாலைச் சிற்றுண்டியாகவும், சில வேளைகளில் இரவு உணவாகவும் இதை உண்கிறார்கள். 2010ஆம் ஆண்டு லெபனான் சமையற்காரர்கள் 10,452 கிலோ ஹம்மஸைச் செய்து உலக சாதனை படைத்தார்கள். அந்நாட்டின் பரப்பளவும் 10,452 சதுர கிலோமீட்டர்! சமூக அறிவியல் வகுப்பில் இதைச் சொன்னால் லெபனான் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளே நிலவரைபடத்தில் தேடுவார்கள்.

கடலைக்கு ஏன் எள் துணை?

புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. பருப்பு வகைகளில் லைசின் என்ற அமினோ அமிலம் மிகுதி, மெத்தியோனின் குறைவு. எள்ளில் இது தலைகீழ். இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இது அரபு நாட்டுக்கு மட்டும் தெரிந்த உண்மை அல்ல. பருப்போடு எள்ளை வறுத்து இடித்து, நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிடும் நம் இட்லிப் பொடியிலும் இதே கூட்டுதான் இருக்கிறது.

ஹம்மஸில் பிழியும் எலுமிச்சைக்கும் வேலை உண்டு. தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது. தேநீர் அதைத் தடுக்கிறது. எனவே சிற்றுண்டியோடு தேநீர் வேண்டாம்.

எள்ளைப் பற்றிப் பேசும்போது எங்கள் பகுதிக்கு ஒரு பெருமை உண்டு. திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. டி.எம்.வி. 3, டி.எம்.வி. 7 போன்ற எள் இரகங்களும், இந்தியா முழுவதும் பயிரான டி.எம்.வி. 2 நிலக்கடலையும் அங்கிருந்து வந்தவை. 'டி.எம்.வி.' என்பது திண்டிவனத்தைக் குறிக்கும். எண்ணெய் என்ற சொல்லே எள் + நெய் என்பதால், தமிழாசிரியருக்கும் இங்கே ஒரு பாடம் கிடைக்கிறது.

40 பேருக்கான அளவு

கொண்டைக்கடலை 1 கிலோ, வெள்ளை எள் 150 கிராம், எலுமிச்சை 6, பூண்டு 10 பல், சீரகம் 2 தேக்கரண்டி, நல்லெண்ணெய் சிறிதளவு, உப்பு தேவைக்கேற்ப.

கடலையை இரவே ஊறவைத்து, விரலால் அழுத்தினால் மசியும் அளவுக்கு வேகவைக்க வேண்டும். எள்ளைப் பொரியும் வரை மட்டும் வறுக்க வேண்டும், கருகினால் கசக்கும். முதலில் எள், சீரகம், பூண்டு மூன்றையும் எண்ணெய் விட்டு அரைத்து, பிறகு கடலையையும் அது வெந்த நீரில் சிறிதளவையும் சேர்த்து அரைக்கவும். கடைசியாக உப்பும் எலுமிச்சைச் சாறும். கறுப்புக் கடலை என்றால் விழுது பழுப்பாக இருக்கும்; சுவையில் குறையில்லை. வெள்ளரி, கேரட் துண்டுகளோடு தொட்டுச் சாப்பிடலாம். ஒரு சப்பாத்தியோ தோசையோ வீட்டிலிருந்து கொண்டுவந்தால் அதுவே சிற்றுணவாகிவிடும்.

கணக்குப் பாடத்துக்கும் இது உதவும். ஒரு பிள்ளைக்குக் கடலை 25 கிராம், எள் 3.75 கிராம். இரண்டிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 19 பங்கு புரதம் என்று கொண்டால் எவ்வளவு வரும்? 5 கிராமுக்குச் சற்று மேல். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்.

கவனத்தில் கொள்ள

அரைத்த விழுது சுண்டலைவிட விரைவில் கெடும். நம் வெயிலில் அரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும்; மீந்ததை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. நாங்கள் மூன்று மணிக்குப் பிறகே அரைக்கிறோம். எள் சிலருக்கு ஒவ்வாது என்பதால் பெற்றோரிடம் முன்பே கேட்டுக்கொள்கிறோம். சத்துணவுக்கு வந்த பொருள்களைத் தொடாமல், தனியே வாங்கிக் கணக்கு எழுதி வைக்கிறோம்.

கடையில் டப்பாவில் விற்கும் ஹம்மஸை வாங்க வேண்டியதில்லை. பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் மாணவிகள் அதற்குக் 'கடலைத் துவையல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுண்டல் கொடுக்கும் பள்ளிகள் வாரத்தில் ஒரு நாள் ஒரு கைப்பிடி எள்ளும் நான்கைந்து எலுமிச்சையும் கூடுதலாக வாங்கிப் பார்க்கலாம். அன்று ஐந்து மணிக்கு மேல் நடத்தும் பாடத்தில் வேறுபாடு தெரியும்.