பல்கலைக்கழக மின்னஞ்சலும் மேகக்கணிமையும்

ஒரு பல்கலைக்கழகம் தன் ஆசிரியர், மாணவர்களின் மின்னஞ்சலைச் சொந்த வழங்கியில் நடத்தலாம். கூகுள், மைக்ரோசாப்ட், சோஹோ போன்ற மேகக்கணிமை நிறுவனங்களிடமும் ஒப்படைக்கலாம். எது நல்லது என்பது செலவை மட்டும் பொறுத்ததன்று.

பின்னணி

இந்தியக் கல்வி நிறுவனங்களில் மின்னஞ்சலைப் பரப்பியது எர்நெட் திட்டம். மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986-இல் இதைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யும் தொடக்கத்திலேயே பங்கேற்றது. அன்று நிறுவனமே கணினியும் ஆளும் வைத்து அஞ்சலை நடத்தியது. இன்று அதே ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். பட்ட மாணவர்களுக்குக் கூகுள் வழியாக மின்னஞ்சல் கிடைக்கிறது.

நன்மைகள்

சொந்த வழங்கிக்குத் தடையற்ற மின்சாரம், குளிர்சாதனம், காப்புநகல், தேர்ந்த பணியாளர் ஆகிய அனைத்தும் வேண்டும். எரிதங்களையும் மோசடி அஞ்சல்களையும் நாள்தோறும் வடிகட்ட வேண்டும். இரண்டு மூன்று பணியாளர்களைக் கொண்ட பல்கலைக்கழகத்தால் இவற்றில் பெருநிறுவனங்களுக்கு ஈடுகொடுப்பது கடினம்.

சிக்கல்கள்

முதலாவது, சார்பு. கூகுள் கல்வி நிறுவனங்களுக்கு அளவற்ற சேமிப்பிடத்தை இலவசமாகத் தந்துவந்தது. 2021-இல் கொள்கையை மாற்றி, 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைட் என வரம்பிட்டது. 20,000 பேர் உள்ள பல்கலைக்கழகத்தில் தலைக்குச் சுமார் 5 ஜிகாபைட்தான் வரும். தனிநபர் கணக்குக்கே 15 ஜிகாபைட் இலவசம். கூடுதல் இடம் வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும்.

இரண்டாவது, தனியுரிமை. வினாத்தாள், மதிப்பெண், ஆய்வு முடிவு, மாணவர் புகார் எல்லாம் மின்னஞ்சலில் செல்கின்றன. அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம், ஆசிரியர், பணியாளர் அஞ்சலை ஜிமெயிலுக்கு மாற்றும் சோதனையை 2010-இல் இக்கவலையால் கைவிட்டது. கல்விக் கணக்குகளின் அஞ்சல்களை விளம்பர நோக்கில் அலசுவதைக் கூகுள் 2014-இல்தான் நிறுத்தியது.

இந்திய அரசின் வழி

தேசிய தகவலியல் மையம் நடத்திவந்த மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல், அண்மை ஆண்டுகளில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோவின் தளத்துக்கு மாற்றப்பட்டது. ஆனால் ஆள்களப் பெயர் அரசிடமே உள்ளது. முகவரி தன்னுடையதாக இருந்தால், நாளை வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் அஞ்சல் தவறாமல் வந்து சேரும்.

கவனிக்க வேண்டியவை

மின்னஞ்சலை ஒப்படைப்பதில் தவறில்லை. திரும்பும் வழியை அடைத்துக்கொள்வதே தவறு. தரவு எந்த நாட்டில் இருக்கும், யார் பார்க்கலாம், விலகும்போது பழைய அஞ்சல்கள் முழுமையாகக் கிடைக்குமா, இலவசம் முடிந்தால் கட்டணம் என்ன என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். தேர்வுத் துறை போன்ற மறைபொருள் காக்கும் பிரிவுகளின் அஞ்சலை மட்டும் சொந்த வழங்கியில் வைத்துக்கொள்வதும் ஒரு வழி.