திரையின் அகலத்தை யாரிடம் கேட்பது?

டெர்மினலில் 'எல்எஸ்' என்று தட்டினால் கோப்புப் பெயர்கள் நாலைந்து பத்திகளாக வந்து நிற்கும். ஜன்னலைக் குறுக்கிவிட்டு மறுபடி தட்டுங்கள், பத்திகள் குறைந்துவிடும். அதையே பைப் வழியாக வேறொரு நிரலுக்கு அனுப்பினால் வரிக்கு ஒரு பெயர்தான்.

எல்எஸ்ஸுக்குத் திரை தெரியாது. தன் வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்கிறது. பைப்புக்கோ கோப்புக்கோ போகிறதென்றால் அகலம் என்ற பேச்சே எழுவதில்லை. டெர்மினல் என்றால் லினக்ஸ் கெர்னலிடம் கேட்கிறது. கெர்னலும் அளந்து பார்ப்பதில்லை. டெர்மினல் நிரல் சொல்லிவைத்த எண்ணைத்தான் திருப்பிச் சொல்கிறது. ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கினால் புது எண் பதிவாகும், உடனே 'சிக்வின்ச்' என்ற சிக்னல் கிளம்பும். விம் போன்றவை அதைக் கேட்டுத் திரையை மறுபடி வரைகின்றன. எஸ்எஸ்ஹெச் வழியே தொலைவில் வேலை செய்தாலும் புது அளவு அந்தக் கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சீரியல் கேபிளில்தான் சிக்கல்: அங்கே அளவைச் சொல்ல ஆளில்லை, கெர்னல் கையில் இருப்பது பெரும்பாலும் பூஜ்யம்.

அப்போது அகலத்தைச் சொல்லும் 'காலம்ஸ்' என்ற சூழல் மாறி உதவலாம். யாரை முதலில் நம்புவது என்பதில்தான் கருவிகளுக்குள் ஒற்றுமை கிடையாது. குனு எல்எஸ் கெர்னலைக் கேட்டுவிட்டுத்தான் காலம்ஸைப் பார்க்கும். பைத்தானின் 'ஷட்டில்' நூலகமோ காலம்ஸை முதலில் பார்க்கும். பயனர் வாய்விட்டுச் சொன்னதற்கே முதலிடம் என்பதால் எனக்குப் பைத்தான் வழி பிடிக்கும். ஆனால் அந்த மாறியை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு மறந்தவர், ஜன்னலை எவ்வளவு இழுத்தாலும் பழைய அகலத்திலேயே மாட்டிக்கொள்வார். (பாஷ் தானாக வைத்திருக்கும் காலம்ஸ் எக்ஸ்போர்ட் ஆவதில்லை. 'எக்கோ' போட்டால் எண் தெரியும், நிரலுக்கு மட்டும் கிடைக்காது.)

யாரிடமும் பதில் இல்லையென்றால் எல்எஸ், ஷட்டில் இரண்டுமே 80 என்று வைத்துக்கொள்ளும். அந்த எண் பழையது. 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள். 1978-இன் விடி100 டெர்மினலிலும் வழக்கமான வரி 80 எழுத்துதான்.

அகலம் தெரிந்தாலும் ஒரு பெயர் எத்தனை கட்டம் பிடிக்கும் என்ற கணக்கு பாக்கி இருக்கிறது. சீன எழுத்துக்கு இரண்டு கட்டம். தமிழில் 'க்' யூனிகோடில் இரண்டு குறியீடுகள். புள்ளிக்குத் தனிக் கட்டம் கிடையாது, ஆகவே ஒரே கட்டம். 'ணௌ' போன்றவற்றை எழுத்துரு விரித்து வரையும்போது நிரல் போட்ட கணக்கும் திரையில் விழும் வடிவமும் ஒத்துப்போவதில்லை. தமிழில் பெயர் வைத்த கோப்புகளின் பட்டியல் கோணல்மாணலாக வருவது அதனால்தான்.