பட்டா உள்ளவருக்கே தீர்ந்த கடன்: 1930களின் பொருளாதார மந்தமும் படியாட்களும்



1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். செஞ்சிப் பக்கத்துச் சேரிக்கும் அதற்கும் என்ன தொடர்பு? மல்லாட்டைதான் தொடர்பு. தென்னார்க்காட்டுப் புன்செயில் பெரும்பகுதி அதற்குள் மல்லாட்டைக்கு மாறியிருந்தது. உரித்த பயறு கடலூர், புதுச்சேரித் துறைமுகங்கள் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. அங்கே விழுந்த விலை இங்கே களத்துமேட்டிலும் விழுந்தது. சென்னை மாகாணத்தில் நெல் விலையும் சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியானது.

விலை இறங்கினால் சோறு மலிவாகும், ஏழைக்கு நல்லதுதானே என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நிலவரியும் கடனும் ரூபாயில் எழுதப்பட்டவை. அவை விலையோடு இறங்கவில்லை. உதாரணத்துக்கு, மூட்டை பத்து ரூபாய் விற்றபோது நூறு ரூபாய் கடன் வாங்கியவர் பத்து மூட்டை கொடுத்து மீளலாம். ஐந்து ரூபாயானால் இருபது மூட்டை வேண்டும், வட்டி தனி. நெருக்கடியில் நிலக்காரர் எதைக் குறைப்பார்? வரியையும் வட்டியையும் அவரால் குறைக்க முடியாது. கையில் இருப்பது கூலி மட்டும். படியாளுக்குக் கம்பும் கேழ்வரகும்தான் கூலி என்பதால் விலை வீழ்ச்சி அவரை நேராகத் தொடாது; வேலை நாள் குறையும்போதுதான் தொடும்.

சேரிக்கு இருந்த இன்னொரு வாசல் மலேயா. ரப்பர் விலை சரிந்து 1930இல் ஆள் எடுப்பது நின்றது. தோட்டங்கள் கூலியை வெட்டின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அரசு செலவிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஆதிதிராவிடர் பெருந்தொகை. இப்படி அந்த வாசலும் மூடியது.

அரசு என்ன செய்தது? ரூபாயை ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் மதிப்பில் பிடித்து வைப்பதும் வரவு செலவைச் சரிக்கட்டுவதும்தான் பிரிட்டிஷ் இந்திய அரசின் கவலையாக இருந்தது. 1931 செப்டம்பரில் பவுண்டைத் தங்கத்தோடு கட்டியிருந்த முறையைப் பிரிட்டன் கைவிட்டதும் தங்கம் விலையேறியது. குடியானவர்கள் நகையை விற்று வரியும் வட்டியும் கட்டினார்கள். அந்தத் தங்கம் கப்பலேறியது. விற்க நகையில்லாத நம் மக்கள் இந்தக் கதையில் வரவே இல்லை. நிலவரியில் பின்னர் கொஞ்சம் தள்ளுபடி கிடைத்தது, அதுவும் பட்டாதாரருக்கு.

ராஜாஜி அமைச்சரவை 1938இல் கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம்தான் பெரிய நடவடிக்கை. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுவதும் ரத்து. அசலைப் போல இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. லேவாதேவிக்காரர்கள் அலறினார்கள் என்றால் காரணம் இருக்கிறது. நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் 'விவசாயி' யார் என்று சொல்லும் பிரிவைப் படியுங்கள். விவசாய நிலத்தில் விற்கத்தக்க உரிமையோ குத்தகை போன்ற பாத்தியதையோ உள்ளவர்தான் விவசாயி. ஏர் பிடித்தவர், அண்டை கழித்தவர், களையெடுத்தவர் எவரும் அதில் இல்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய பணத்துக்காகத் தன்னையும் பிள்ளையையும் பண்ணையில் கட்டிப்போட்ட படியாளின் கடன் அப்படியே நின்றது. அப்போது வேளாண்மைத் துறை அமைச்சர் நம்மவரான வி.ஐ. முனுசாமிப் பிள்ளை. அப்படியிருந்தும் வரையறை மாறவில்லை என்பதை இளம் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மந்தம் தொடங்கிய அமெரிக்காவிலும் இதே கோடுதான் கிழிக்கப்பட்டது. ரூஸ்வெல்ட் அரசு 1933இல், பருத்தி விலையை ஏற்றுவதற்காகச் சாகுபடியைக் குறைக்கச் சொல்லி நிலவுடைமையாளர்களுக்குப் பணம் கொடுத்தது. நிலம் தரிசானதும் வாரத்துக்கு உழுதவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். தெற்கு மாநிலங்களில் அவர்களில் பலர் கறுப்பின மக்கள். 1934இல் ஆர்கன்சாவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாரக்குடிகளுக்கென ஒரு சங்கம் கட்டினார்கள். மறு ஆண்டு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களையும் வீட்டுவேலை செய்வோரையும் விலக்கியது. கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். நம் கடன் சட்டம் வந்த அதே 1938இல் அங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. பண்ணைத் தொழிலாளருக்கு அது 1966 வரை இல்லை. இனத்தின் பெயரோ சாதியின் பெயரோ எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை; தொழிலையும் நிலத்தையும் எழுதினாலே போதுமானதாக இருந்தது.

படியாளின் கடனைச் சட்டம் ரத்து செய்தது 1976இல், கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் மூலம். நிலம் வைத்திருந்தவரின் கடன் தீர்ந்து அப்போது 38 ஆண்டுகள்.

2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. பயிர்க்கடனுக்குச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். செஞ்சி வட்டத்தில் மல்லாட்டை பிடுங்கப் போகும் நம் பெண்கள் தனியார் நுண்கடன் நிறுவனங்களிடம் வாங்கும் வாரத் தவணைக் கடன் அந்தக் கணக்கில் வராது.